மழையில் கழன்ற வெள்ளை நாடா

சிரித்த முகத்தோடு பொய் சொல்லத் தெரிந்த என் மச்சானுக்கு, உங்கள் கொழுந்தியா பாக்கியம் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் சுகம். நம் லயத்து வீட்டு வரிசைக்கான தண்ணீர்ப் பைப்பை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள். தேயிலை ஸ்டோரில் நீங்கள் ஓட்டிய ரோலர் மெஷினுக்குப் புது ஆள் வந்திருக்கிறான். அவன் அரைக்கிற தூளில் பாதி குச்சி என்று டீ மேக்கர் ஐயா திட்டிக்கொண்டே இருக்கிறார். கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஊர்க்கதை சொல்ல இல்லை, சண்டை போட. போன வருஷம் சித்திரை சைக்கிள் பந்தயத்தில் நீங்கள் விழுந்ததற்கு நாய் காரணம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்பீர்கள். இருங்கள், வருகிறேன்.

பெரிய துரை சீமைக்குப் போனபோது பங்களா ஷெட்டில் விட்டுப்போன அந்த சைக்கிளை நீங்கள் லயத்துக்குத் தூக்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? ஒரே துரு. கிடாய்க்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலைப் பார்த்து அக்கா, "இது என்னங்க, ஆட்டையா கொண்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். மூன்று மாதம் மண்ணெண்ணெயும் சாம்பலுமாய் உட்கார்ந்து தேய்த்தீர்கள். செயினை ஊற வைத்த தகர டப்பாவில் அக்கா தெரியாமல் கையை விட்டு, இரண்டு நாள் கறுப்பு விரலோடு சோறு பிசைந்தாள். கடைசியில் எல்லாம் பளபளத்தது. ஹேண்டில் மட்டும் வெறும் இரும்பாய் நின்றது. பழைய சுற்றுத்துணி இற்றுக் கையோடு வந்துவிட்டது.

"நான் சுத்தித் தர்றேன் மச்சான்" என்று முந்திக்கொண்டு நின்றவள் நான்தான். ஹட்டன் துணிக்கடையில் வெள்ளை நாடா வாங்கி வந்தேன். மொடமொடவென்று என்ன ஒரு வெள்ளை! நீங்களும் அதை முகர்ந்து பார்த்து, "துரை சைக்கிளே தோத்துரும் பாக்கியம்" என்றீர்கள்.

கொழுந்து பறிக்கிற எவளுக்கும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. காம்பு கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றுவோமே, அதற்குப் புதுத் துணியைத் தொடவே மாட்டோம். பனியில் நனைந்தால் கஞ்சி கரைந்து வழவழத்துவிடும், சுற்று தளர்ந்து விரலை விட்டே கழன்று போகும். பத்துத் தடவை துவைத்த பழஞ்சேலைக் கிழிசல்தான் விரலைப் பிடிக்கும். தினமும் விடியக்காலை பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் கிழிசல் தேடுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினால் அந்த வெள்ளை போய்விடுமே என்று அப்படியே சுற்றினேன். எல்லோரும் பார்த்து யார் சுற்றியது என்று கேட்க வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான் மச்சான், வேறொன்றும் இல்லை.

ஜெயித்தவரைக் கொழும்புப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக நீங்கள் எத்தனை காலை கொட்டகலை மேட்டில் மூச்சிரைக்க ஏறினீர்கள்! அன்றைக்கு நம் தோட்டத்துக்குக் கீழே உள்ள வளைவு வரைக்கும் நீங்கள்தான் முதல். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பிறகு முழங்கையில் ரத்தத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். "பாழாப்போன நாயி ஒண்ணு குறுக்கே வந்துருச்சு" என்று எல்லோரிடமும் ஒரே கதை. காயத்துக்கு மருந்து போடும் முன்னாலேயே நாடாவை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டு, "ஒரே சேறு" என்றீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அந்த மார்கழிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதை நான் எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பியசேன வந்தார். அன்றைக்கு உங்களுக்குப் பின்னால் வந்து ஜெயித்தாரே, கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டாவதாக வந்தாரே, அந்தச் சிங்களத் தபால்கார பியசேனதான். இந்தச் சித்திரைக்கு உங்கள் சைக்கிளில் ஓடலாமா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சைக்கிளை மூடியிருந்த சாக்கை விலக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். சரி என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஹேண்டிலுக்கு நானே சுற்றுகிறேன் என்றேன். பெட்டியில் மிச்சமிருந்த அதே வெள்ளை நாடாவை எடுத்து வந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அனே நங்கி, புதுசு வேணாம் தங்கச்சி. மழை வந்தா வழுக்கும்."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் பின்னால வந்தது. அந்த வளைவுல துணி கையோட சுத்திக்கிட்டு வந்தது, அவர் விழுந்தது. நாய் ஒண்ணும் இல்ல. நானும் நிக்காம போயிட்டேன். சாயந்தரம் மன்னிப்புக் கேக்க வந்தா அவர் சொன்னது, 'சொல்லிறாதே பியசேன, பாக்கியம் அழும்.'"

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

இதை அக்காவிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? உங்களுக்குக் கொழும்பு போகிற ஆசை எவ்வளவு என்று அவளுக்குத்தானே தெரியும். கடைசிக் காய்ச்சலில்கூட அந்த வளைவைப் பற்றித்தான் பிதற்றினீர்களாம். அன்றைக்கே போய்ச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை மச்சான். ஒரே அடுப்பு, ஒரே மலை, ஒரே கொழுந்து நிரை, ஆனால் பேச்சில்லை. என் அக்காவையும் அந்த நாடாவிலேயே தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இருந்தால் நீங்கள் இடையில் புகுந்து ஏதாவது கோணங்கித்தனம் செய்து சிரிக்க வைத்திருப்பீர்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள், துவைத்துத் துவைத்து நிறம் போன தன் பச்சைச் சேலையை அவளே கிழித்துக் கொண்டு வந்தாள். "ஹேண்டிலப் புடி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கீழ் நுனியில் ஆரம்பித்து மேலே ஏற்றினாள், கூரைத் தகரம் போடுகிற மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மீது பாதி ஏறி உட்கார்ந்தது. பிரேக் இருக்கும் இடத்தில் சின்னத் துண்டு வைத்து மறைத்தாள். வளைவில் துணி விரியப் பார்த்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கடைசிச் சுற்றை ஊசி நூலால் தைத்து முடித்து, இரண்டு நுனியிலும் போத்தல் தக்கையைச் செருகினாள். பார்க்க ஒரு அழகும் இல்லை.

புருஷன் போய் வருஷம் திரும்பாமல் வேடிக்கை பார்க்கப் போகலாமா என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. மழைக்குப் போர்த்தும் படங்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நேரே அந்த வளைவுக்குப் போய் நின்றாள். நான் நாலடி தள்ளி நின்றேன். வேண்டிக்கொண்ட மாதிரி மழை கொட்டியது. முதலில் இரண்டு பையன்கள் போனார்கள், மூன்றாவதாக பியசேன. குனிந்து, இரண்டு கையும் கீழ்க் கொம்பைப் பற்றியபடி, வளைவில் அப்படியே சாய்ந்தார். நான் அவர் கையையே பார்த்தேன். துணி அசையவில்லை. அவர் நிமிர்ந்து போய்விட்டார்.

மூன்றாவதாகத்தான் வந்தார், ஜெயிக்கவில்லை. அது கிடக்கட்டும். அவர் மறைந்த பிறகும் அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலடி நடந்து வந்து, நனைந்துகொண்டிருந்த என் தலையிலும் படங்கை இழுத்துப் போட்டாள்.

"நீ அன்னைக்குச் சுத்துனதும் நல்லாத்தாண்டி இருந்துச்சு" என்றாள். "கஞ்சிய எடுக்கத்தான் மறந்துட்ட. அந்த மனுசன் ஆஸ்பத்திரி கட்டில்லயும் அந்த வெள்ளையத்தான் சொல்லிச் சொல்லிப் பெருமப்பட்டுக்கிட்டுக் கெடந்தாரு."

இதை ஏன் மச்சான் என்னிடம் நீங்கள் சொல்லவில்லை?

வாக்குக் கொடுக்கிறேன். என் உடம்பில் உயிர் இருக்கும்வரை அக்காவைத் தனியாக ஒரு மழையிலும் நிற்க விடமாட்டேன். அவள் திட்டினாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பேன்.

அழுதால் அழுதுவிட்டுப் போகிறாள் என்று இனிமேலாவது நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டிய,
உங்கள் கொழுந்தியா
பாக்கியம்