பாதரசம் இல்லாத குடுவை

ஜனவரி 9

என் அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. நீயும் நலம் என்று எழுதியிருந்தாய். சாப்பிட்டேன் என்று மட்டும் எங்குமே எழுதவில்லை. காலமெல்லாம் நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவளிடம் இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

குழந்தைகள் வார்டில் என் கீழே இருக்கிற நர்ஸுகள் எல்லோருக்கும் இப்போது ஒரே கேள்வி. "உங்க மருமக அவ்வளவு தூரம் போய் என்னதான் ஆராய்ச்சி பண்றாங்க, சிஸ்டர்?" "வாயுவை உடைக்கிறா"ன்னு சொன்னேன். "அதுக்கு நம்ம வார்டுலயே மருந்து இருக்கே" என்கிறாள் புதிதாக வந்திருக்கும் சின்ன நர்ஸ். மானம் போகிறது. எனக்குப் புரிகிற மாதிரி விவரமாக எழுது. தலைமை நர்ஸ் வாயைத் திறந்தால் அதில் விஷயம் இருக்க வேண்டும்.

நம் வீட்டுத் துரை, அதுதான் உன் வீட்டுக்காரன், சாலை அளக்க விடிவதற்குள் போகிறான், இருட்டியபின் வருகிறான். வந்தால் சாப்பாடு, செய்தித்தாள், தூக்கம். நீ கிளம்பிய அன்று ஸ்டேஷனில் அவன் உன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான், உன்னைப் பார்க்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவனுக்குப் பேச்சு வராது. அவன் அப்பாவும் அப்படித்தான். நேற்றுகூட உன்னை விசாரித்தான். "அங்க குளிர் தாங்குதாமா?" என்று கேட்டான்.

இரண்டு வருஷம் ஓடுவதே தெரியாது. நீங்கள் இருவரும் மறுபடி ஒரே வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அத்தை

ஜனவரி 28

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடுகிறேன். ரொட்டி, முட்டை, மறுபடியும் ரொட்டி. அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதற்கு எதிரே ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. காலையில் அவர்கள் சுத்தியல் எடுத்தால்தான் எனக்கு விடிகிறது.

சின்ன நர்ஸிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். என் மேஜையில் ஒரு குவார்ட்ஸ் குடுவை. அதில் ஹைட்ரஜன் வாயு. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு அணுக்கள் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன, சுலபத்தில் பிரியாது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறேன். ஹைட்ரஜன் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒளி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதே குடுவையில் ஒரு சொட்டுப் பாதரசத்தைப் போட்டுவிட்டால் கதை மாறிவிடும். பாதரசம் கொஞ்சம் ஆவியாகி வாயுவோடு கலக்கும். அதன் அணு அந்த ஒளியை விழுங்கிக் கிளர்ந்தெழும். அதே வேகத்தில் போய் ஹைட்ரஜன்மேல் மோதும். ஜோடி இரண்டாக உடைந்துவிடும். பாதரசமோ தன் சக்தியைக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி சாதுவாகிவிடும்.

உடைந்தது எப்படித் தெரியும் என்பீர்கள். குடுவைக்குள் ஒரு மஞ்சள் பொடி தூவியிருப்பேன். தனியாகப் பிரிந்த ஹைட்ரஜன் அணு பட்டால் அது நீலமாகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே பாதரசம் இல்லாத இன்னொரு குடுவை. அதில் பொடி மஞ்சளாகவே இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அவர் குளிரை விசாரித்தாரா? அந்த வரியைப் பலமுறை படித்தேன். நாங்கள் மனம்விட்டுப் பேசி நாளாயிற்று என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 20

என் அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை நர்ஸுகள் ஓய்வறையில் உரக்கப் படித்தேன். எல்லோருக்கும் புரிந்தது. சின்ன நர்ஸ் மட்டும், "பாவம் சிஸ்டர் அந்த ஹைட்ரஜன், அதுபாட்டுக்குச் சும்மா இருந்துச்சு" என்றாள். அவளுக்கு இப்போதுதான் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. ஜோடி என்றாலே இளகிவிடுகிறாள்.

பாதரசம் எனக்குப் புதிதா என்ன. போன வாரம் ஒரு வாண்டு தெர்மாமீட்டரைத் தரையில் போட்டு உடைத்தான். கட்டிலுக்கடியில் குண்டுகுண்டாக ஓடியது. நானும் ஆயாவும் ஆளுக்கொரு அட்டையை வைத்துக்கொண்டு முட்டிபோட்டுத் துரத்தினோம். எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டோம் என்று எழுந்தால், ஜன்னலோரம் இன்னும் இரண்டு பளபளக்கிறது. நீ ஜாக்கிரதையாக இரு. கையால் தொடாதே, ஜன்னலைத் திறந்து வை.

குளிருமே என்றால் இத்துடன் வரும் பொட்டலத்தைப் பிரி. கம்பளிக் காலுறை. உன் வீட்டுக்காரன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினான். "சாம்பல் கலர்தான் அவளுக்குப் பிடிக்கும்" என்றானாக்கும். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

உன் அத்தை

மார்ச் 17

அன்புள்ள அத்தைக்கு,

காலுறை கச்சிதமாக இருக்கிறது. என் பாத அளவு அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்தேன்.

ஒரு பெரிய செய்தி. பாதரசம் இல்லாத குடுவையிலும் பொடி நீலமாகிறது. லேசான நீலம்தான், ஆனாலும் நீலம். குடுவையைக் கழுவி, சூடாக்கிக் காயவைத்து, புதுப்பொடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் நீலம். பாதரசத்தின் தயவே இல்லாமல் இந்த ஒளி ஹைட்ரஜனை உடைக்கிறது என்றால், அது இதுவரை யாரும் சொல்லாத விஷயம். பேராசிரியர் தாடியைத் தடவிக்கொண்டே, "அவசரப்படாதே, யாரிடமும் சொல்லாதே" என்றார். நீங்கள் யாரோ இல்லை, அதனால் சொல்கிறேன்.

அவரிடம் மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நானே அவருடைய அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். இத்தனை நாளும் உங்கள் வழியாகவே பேசிக்கொண்டிருக்கிறோம், வெட்கமாக இருக்கிறது. அவர் விசாரிக்கிறார், காலுறை வாங்குகிறார், நானும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டாமா? இங்கே வந்து ஒரு மாதம் தங்கிப் போகச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 6

என் அன்பு மருமகளுக்கு,

யாரிடமும் சொல்லக்கூடாது என்று உன் பேராசிரியர் சொன்னதால் வார்டில் மட்டும் சொன்னேன். எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். பெரிய டாக்டர்கூட இரண்டு எடுத்துக்கொண்டு, "எதுக்கு?" என்றார். "என் மருமக ஹைட்ரஜனை உடைச்சுட்டா" என்றேன். வாழ்த்தினார் மனிதர்.

துரையிடம் உன் கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இப்போது ஒரு பாலத்து வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறான், பதில் தாமதமானால் நீ ஒன்றும் நினைக்காதே. கட்டாயம் எழுதுவான், நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னை ரொம்ப விசாரித்தான்.

உன் அத்தை

மே 18

அன்புள்ள அத்தைக்கு,

வார்டில் கொடுத்த பிஸ்கட்டைத் திருப்பி வாங்கவா முடியும். என் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பே இல்லை.

குடுவையிலிருந்து காற்றை வெளியேற்ற ஒரு பம்ப் இருக்கிறது. அந்தப் பம்பே பாதரச ஆவியில் ஓடுவது. ஆவி குடுவைப் பக்கம் வராமலிருக்க, நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயை வளைத்துக் கடுங்குளிர்த் திரவத்தில் முக்கி வைப்போம். வருகிற பாதரசம் அங்கேயே உறைந்து நின்றுவிடும். மாலையில் திரவத்தை நிரப்பிவிட்டு அறைக்குப் போய்விடுவேன். விடிவதற்குள் அது வற்றிவிடுகிறது. நான் வந்து மறுபடி நிரப்புவதற்குள் பாதரசம் சத்தமில்லாமல் குடுவைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேலை செய்ததெல்லாம் அதுதான். போன வாரம் முழுக்கத் திரவம் வற்றாமல் பார்த்துக்கொண்டேன். பொடி மஞ்சளாகவே இருந்தது. உங்கள் ஜன்னலோரத்துப் பாதரசக் குண்டுகள் நினைவுக்கு வந்தன.

பேராசிரியர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். அறைக்கு வந்தபிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அவருக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்கள் கடிதங்களில் மட்டும் அவர் என்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறார். உங்கள் கை படாத இடத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே எதுவுமே நடப்பதில்லை. பொட்டலத்துக் கயிற்றை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த முடிச்சு, காயத்துக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை போட்ட முடிச்சு. காலுறையும் நீங்கள் வாங்கியதுதானே?

கோபமில்லை, அத்தை. ஒரே வரியில் பதில் போதும். நான் இங்கே வந்தபிறகு அவர் ஒரு தடவையாவது என்னை விசாரித்தாரா?

உங்கள் மருமகள்

ஜூன் 21

உங்களிடமிருந்து இவ்வளவு நாள் கடிதம் வராமல் இருந்ததே இல்லை. பதில் எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அவர் எழுதிவிட்டார். நல்ல கடிதம், குறை சொல்ல முடியாது. "நமக்குள் பேசிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்று நீ கிளம்புவதற்கு முன்பே எனக்குத் தோன்றியது. ஆனால் நீ ஒவ்வொரு கடிதத்திலும் என் முதுகுவலியை விசாரிப்பதாக அம்மா சொல்வாள். இவ்வளவு அக்கறையாக இருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

அவருக்கு முதுகுவலி என்பதே எனக்கு இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

பிரிந்துவிடலாம் என்று பதில் எழுதிவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. அவரைப் பிரிவதில் வலி இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. என் பயமெல்லாம் வேறு. அம்மா இல்லாத வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்தவள் நான். அந்த வீட்டில் அவரோடு பேசியதைவிட உங்களோடு பேசியதுதான் அதிகம். நீங்கள் ஷிப்ட் முடிந்து வரும் நேரம் பார்த்துத் தேநீர் போட்டுவைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவரோடு முடிந்தது உங்களோடும் முடிந்ததா? இனிமேல் உங்களை அத்தை என்று எழுத எனக்கு உரிமை உண்டா? அது தெரியாததால்தான் இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
நான்

ஜூலை 9

என் அன்பு மருமகளுக்கு,

மேலே எழுதியிருப்பதை இன்னொரு முறை படி. அப்புறம் கீழே வா.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் காய்ச்சலும் இல்லை, வேலையும் இல்லை. பேனாவை எடுத்தால் கை பழக்கதோஷத்தில் "அவன் விசாரித்தான்" என்றே எழுதியது. காகிதம் காகிதமாகக் கிழித்துப் போட்டேன்.

பொய் எழுதினேன்தான். ஊசி போடும்போது "வலிக்காது கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய் இது. நீங்கள் இருவரும் அதை நம்பிக்கொண்டே இருந்தால், ஒருநாள் நிஜமாகவே ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். உன் பாதரசம் உடைக்கும் என்று எழுதியிருந்தாய். நான் ஒட்டவைக்கப் பார்த்தேன். வேலை முடிந்ததும் அது ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி ஆகிவிடுமாமே, என்னால் அப்படி ஆக முடியவில்லை. உன் கடைசிக் கடிதம் வந்த அன்று மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சின்ன நர்ஸ் கதவைத் தட்டி, "என்ன சிஸ்டர், மருமக மறுபடியும் ஏதாவது கண்டுபிடிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

துரையிடம் பேசினேன். "பிரியறது உங்க ரெண்டு பேர் விஷயம். அவளுக்கு நான் கடிதாசி எழுதறது என் விஷயம். அதுல நீ தலையிடக் கூடாது" என்றேன். சரி என்று தலையை ஆட்டினான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான். முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறாய். பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். இந்த வருஷக் கடைசியில் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு. ஒரு மாதம் வந்து தங்கிப் போ என்று நீ அவனைத்தானே கூப்பிட்டாய். அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் நான் வருகிறேன். ரொட்டியும் முட்டையும் தவிர வேறு ஏதாவது ஆக்கிப்போடுகிறேன். அந்த மஞ்சள் பொடி நீலமாவதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இத்துடன் இன்னொரு ஜோடிக் காலுறை வைத்திருக்கிறேன். சாம்பல் நிறம். நான் வாங்கியது.

அவன் உன்னை விசாரிக்கவில்லை. ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. அத்தனை தடவையும் விசாரித்தது நான்தான். இப்போதும் நான்தான் விசாரிக்கிறேன். சாப்பிட்டாயா?

உன் அத்தை