லாரிப் பட்டையில் ஒரு கீறல்

பிப்ரவரி 4

தங்கை போன் செய்தாள். வீட்டைப் பிரித்த சண்டைக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவளாகப் பேசியது இதுதான் முதல் தடவை. நான் செய்து கொடுத்த கத்தியில் பூசணிக்காய்கூட வெள்ளரிக்காய் மாதிரி அரிபடுகிறதாம். ஆபீஸ்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவள், சும்மா புகழமாட்டாள்.

என் மனைவிக்குத்தான் சிரிப்பு. பாத்திரக் கடை நிறையக் கத்தி தொங்க, முதலாளி கொல்லையில் உலை ஊதுகிறார் என்று. சிரிக்கட்டும். விற்றே பிழைத்தவன், செய்தது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 8

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் மிச்சமிருந்ததை வெட்டி இன்னொரு கத்தி. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். தேய்க்கும்போது விளிம்புக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அழுக்கென்று நினைத்தேன். நகம் மாட்டியது.

வைஸ் இடுக்கியில் இறுக்கி ஒரு தட்டு. பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் பாதி பளபளப்பு, பாதி கறுப்பு. கறுப்பு என்றால் பழைய விரிசல், உள்ளே துருவே ஏறியிருக்கிறது. லாரிக்கடியில் பாரம் சுமந்தபோதே விரிசல் விட்டுப்போன பட்டை.

பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டேன். "அண்ணே, நான் இரும்புதான் வித்தேன், கத்தி விக்கலையே" என்றான். என் கடையில் நான் சொல்கிற பதில்தான். புதுப் பட்டை வாங்குங்கள் என்று அவன் அன்றைக்கே சொன்னான். நான்தான் பேரம் பேசிப் பழசை அள்ளிக்கொண்டு வந்தேன்.

தங்கையின் கத்தியும் இதே பட்டையில் வெட்டியதுதான்.

பிப்ரவரி 9

பூசணிக்காய் வெட்டும்போது தங்கை இடது உள்ளங்கையைக் கத்தி முதுகில் வைத்து மொத்த உடம்பையும் சாய்ப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒடிந்தால் துண்டு எங்கே பாயும்? கைக்கா? கண்ணுக்கா?

திருப்பிக் கேட்கலாம். ஆனால் அன்றைய சண்டையில் எல்லார் முன்னாலும் அவள் சொன்னது — "குடுத்தத திருப்பி வாங்குறதுலயே பொழைக்கிறவன் இவன்."

பிப்ரவரி 10

தங்கைக்குப் போன் செய்து, கத்தியைச் சாணை பிடித்துத் தருகிறேன், கொடுத்தனுப்பு என்றேன். கூராகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டாள். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கோழைப்பய நான்.

பிப்ரவரி 11

போன் அடித்தாலே தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றுகிறது. கடையில் ஒருவர் குக்கர் கேட்டதற்குக் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12

தங்கை வீட்டுக்கே போய்விட்டேன். வாசலில் நிற்கும்போதே பலகையில் கத்தி விழும் சத்தம். அரைப் பூசணிக்காய். அதே உள்ளங்கை, அதே சாய்வு. கிட்டே போய்த் தொட்டால் பதறுவாள், பதறினால் கை இன்னும் அழுந்தும். வாசலிலேயே நின்றேன்.

"அத வச்சுரு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னண்ணே, திருப்பிக் கேக்க வந்துட்டியா?"

"ஆமா. ஒடைக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பேரம் பேசியதையும் சேர்த்து. கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு என் கொல்லைக்கு வந்தாள். கத்தியை வைஸில் இறுக்கினேன்; சுத்தியலை அவள் என்னிடம் தரவில்லை. முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. பொய் சொல்லித் திருப்பி வாங்கிவிட்டான் என்று அவள் முகம் சொன்னது. இரண்டாவது அடியில் பிடிக்குப் பக்கத்தில் ஒடிந்தது. கறுப்பு.

தன் இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "பட்டை சல்லிசாக் கெடைச்சுதோ?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

பிப்ரவரி 20

தங்கையிடமிருந்து போன் இல்லை. இது வேறு பயம்.

மார்ச் 5

புதுப் பட்டை வாங்கினேன். சொன்ன விலைக்கு வாங்கினதில் இரும்புக்காரனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரே பட்டையில் இரண்டு கத்தி, ஒரே சூடு, ஒரே எண்ணெய். ஒன்றை வைஸில் வைத்து உடைத்தேன். லேசில் ஒடியவில்லை, தோள் வலிக்கிறது. நல்ல கத்தியை உடைக்கிறீர்களே என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே சாம்பல் நிறம், துளி கறுப்பு இல்லை.

அப்படியும் முழுக் கத்தியை நகத்தால் தடவிக்கொண்டே இருக்கிறேன். உடைத்தது ஒன்று, கொடுப்பது இன்னொன்று அல்லவா.

மார்ச் 6

முழுக் கத்தியையும் உடைந்த துண்டுகளையும் தங்கையின் பலகையில் வைத்தேன். துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூசணிக்காயை இழுத்தாள்.

"தள்ளி நில்லுண்ணே."

உள்ளங்கையைக் கத்தி முதுகில் வைத்தாள். சாய்ந்தாள்.