கடைசிப் பந்தியில் ஒருவர்

குந்தாபுரம்
9-10-1994

மதிப்பிற்குரிய வீரபத்ர ஹிரேமட அவர்களுக்கு,

ஜலஜா மய்யாவின் வணக்கம். போன ஞாயிறு எங்கள் ஊர் கேமரா சங்கத்துக்கு நீங்கள் தார்வாடிலிருந்து வந்து எல்லாருடைய படங்களையும் பார்த்துக் கருத்துச் சொன்னீர்களே, அன்று கடைசி வரிசையில் நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தவள் நான். நீங்கள் சாப்பிட்ட சாப்பாடும் எங்கள் மெஸ்ஸிலிருந்து வந்ததுதான். ரசத்தை மறுபடி கேட்டு வாங்கினீர்களாம், சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் படங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் "நன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களை விசாரித்தேன். எல்லாருக்கும் "நன்று". பல் டாக்டர் ஷெட்டியின் படத்தில் பாதி இடத்தை அவருடைய கட்டைவிரலே அடைத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் உங்களுக்கு "நன்று". இதைச் சொல்ல எதற்கு ஐயா ராத்திரி பஸ்ஸில் உடம்பை வருத்திக்கொண்டு வந்தீர்கள்?

வருஷா வருஷம் ஜூன் மாதம் நடக்கும் மங்களூர் கண்காட்சிக்குப் படம் அனுப்புகிறேன். வருஷா வருஷம் திரும்பி வருகிறது. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. "ஜலஜக்கா, உங்க கை கரண்டி புடிக்கிற கை. அதுலதான் அம்சமா இருக்கு, இத விடுங்க" என்கிறார்கள் சங்கத்து ஆண்கள். அவர்கள் எல்லாரும் பாதி வேஷம் போட்ட யக்ஷகானக் கலைஞர் கண்ணாடி பார்ப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், அதில் ஒன்றாவது சுவரில் ஏறிவிடுகிறது.

அடுத்த கண்காட்சியில் என் படம் ஒன்று, என் பெயரோடு, தொங்க வேண்டும். இல்லையென்றால் கேமராவை விற்றுவிட்டு மெஸ்ஸுக்குப் பெரிய கிரைண்டர் வாங்குவதென்று முடிவு. என் வீட்டுக்காரர் இப்போதே கிரைண்டர் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஆகவே உள்ளதைச் சொல்லுங்கள். அதே படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜலஜா மய்யா


தார்வாடு
20-10-1994

அன்புள்ள ஜலஜா மய்யா அவர்களுக்கு,

வணக்கம். நான் "நன்று" என்று எழுதுவதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. கருத்துச் சொல்லப் போன ஊரிலிருந்து ஒழுங்காக வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். டெலிபோன் இலாகாவில் நாள் முழுக்க ஜனங்களிடம் திட்டு வாங்குகிறவன், ஞாயிற்றுக்கிழமையும் வாங்க வேண்டுமா?

நீங்களே கேட்டதால் சொல்கிறேன். சமையற்கட்டுப் படம்: ஜன்னல் வெளிச்சம் எரிக்கிறது, ஆட்கள் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அலமாரி கோணல். கல்லாவில் உங்கள் கணவர்: காலண்டர் அவர் தலையிலிருந்து முளைத்திருக்கிறது, பார்வை செத்திருக்கிறது, கையைக் காணோம். காய் நறுக்கும் பெண்: ஃபோகஸ் கத்தியில் விழாமல் கதவில் விழுந்திருக்கிறது. மீன்காரிகள்: வகுப்பறையில் நிற்க வைத்த மாதிரி இருக்கிறார்கள், வானம் வெறுமை, தொடுவானம் சாய்ந்து கடல் கொட்டிவிடும் போலிருக்கிறது. பசுவின் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேர்ப் படம் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

உண்மை கேட்டீர்கள், தந்துவிட்டேன்.

அன்புடன்,
வீ. ஹிரேமட


குந்தாபுரம்
2-12-1994

ஹிரேமட அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கேமராவைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், வேலை அல்ல.

எங்கள் மெஸ்ஸில் இரண்டு விதமான ஆட்கள் குறை சொல்வார்கள். ஒருவர், "பருப்பு வேகல, புளி ஜாஸ்தி, உப்பு கம்மி, இலை கிழிஞ்சிருக்கு, ஃபேன் சுத்தல" என்று அடுக்கிவிட்டுப் போவார். அவர் போனதும் சமையல்காரர் கரண்டியை வீசுவார். மறுநாள் சாம்பாரில் ஒரு மாற்றமும் இருக்காது. இன்னொருவர் கை கழுவப் போகிற வழியில் சமையற்கட்டை எட்டிப் பார்த்து, சமையல்காரரிடம் "பட்ரே, நாளைக்குப் புளிய பாதியாக் குறைச்சுப் பாருங்களேன்" என்பார். மறுநாள் புளி குறைந்திருக்கும்.

நீங்கள் முதல் ஆள். உங்கள் கடிதத்தைப் படித்து நான் நாளைக் காலை எதை மாற்றிச் செய்வது? காலண்டரையா, வானத்தையா, பசுவையா? பசு என்ன பாவம் செய்தது?

"நன்று" எழுதியபோதும் நீங்கள் என் படங்களைப் பார்க்கவில்லை, திட்டியபோதும் பார்க்கவில்லை. இரண்டுமே அவசரம். உங்களுக்கு மனம் இருந்தால் மறுபடி பாருங்கள். பார்த்துவிட்டு, செய்யக்கூடியதாக ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஜலஜா


தார்வாடு
18-12-1994

அன்புள்ள ஜலஜக்காவுக்கு,

நீங்கள் திட்டியது சரியான இடத்தில் விழுந்தது. வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை உங்கள் படங்களை எல்லாம் கூடத்துத் தரையில் பரப்பி வைத்து, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கங்கவ்வா ரொட்டி தட்டிய மாவுக் கையோடு வந்து, நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, இவங்க ஊர்ல யாருமே வேலை செய்ய மாட்டாங்களா?" என்றாள்.

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. சமையற்கட்டில் அடுப்பு அணைந்திருக்கிறது, ஆட்கள் துவைத்த சட்டையில் கை கட்டி நிற்கிறார்கள். காய் நறுக்குகிற பெண்ணின் முன்னால் ஒரு தோல்கூடக் கிடக்கவில்லை. உங்கள் கணவர் மெஸ் கல்லாவில் பட்டுச் சால்வை போட்டு உட்கார்ந்திருக்கிறார். மீன்காரிகளின் கூடையில் மீன் இல்லை. பசுவைக்கூடக் குளிப்பாட்டியிருக்கிறீர்கள். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்கி வைப்பது உங்கள் தொழில். படம் பார்க்கிறவனையும் விருந்தாளி என்று நினைத்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிடுகிறீர்கள்.

ஆகவே ஒன்றே ஒன்று: பெருக்குவதற்கு முன்னால் எடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது குறையல்ல. காய் நறுக்கும் பெண்ணின் கன்னத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழுகிற அழகை எங்கள் சங்கத்தில் ஒருவராலும் பிடிக்க முடியாது, என்னையும் சேர்த்துத்தான். வெளிச்சம் உங்களுக்குத் தெரிகிறது. அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

உங்கள்,
வீரபத்ர ஹிரேமட


குந்தாபுரம்
21-5-1995

ஹிரேமட ஸாருக்கு வணக்கம். கங்கவ்வாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் உண்மையான விமர்சகர் அவர்தான்.

பெருக்குவதற்கு முன்னால் எடுக்கச் சொன்னீர்கள். எளிது என்று நினைத்தீர்களா? கண்ணில் கேமராவை வைத்தால் எச்சில் இலை தெரிகிறது, கை தானாகத் துடைப்பத்தைத் தேடுகிறது. ஜனவரி முழுக்க எடுத்ததெல்லாம் குப்பை, நிஜக் குப்பையையும் சேர்த்து. மாமியார் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு மானத்த ரோல் போட்டு விக்கிறியா?" என்றார். வீட்டுக்காரர் கிரைண்டருக்கு மேடை கட்டக் கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார். நான் விடவில்லை. மார்ச் வாக்கில் கை கொஞ்சம் அடங்கியது.

போன வாரம் பக்கத்துத் தெருவில் அனந்த ஹெப்பார் வீட்டுக் கல்யாணம். சமையல் எங்களுடையது. கடைசிப் பந்தி முடிந்து எல்லாரும் எழுந்துவிட்ட நேரம் எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்காட்சிக்கு அனுப்பக் கடைசித் தேதி ஜூன் 5. இதை அனுப்பலாமா, ஏதாவது மாற்றலாமா, உடனே எழுதுங்கள்.

ஜலஜா


தார்வாடு
25-5-1995

ஜலஜக்காவுக்கு,

அனுப்புங்கள். யோசிக்கவே வேண்டாம். படத்தைப் பார்த்ததும் ஆபீஸ் என்பதை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். மடித்த இலைகள் வரிசையாகக் கிடக்கின்றன, பந்தியே காலி, ஓரமாக ஒரே ஒரு மனிதர் மட்டும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் துடைப்பத்தோடு நிற்கும் பெண் இடுப்பில் கை வைத்து எப்போது எழுவார் என்று காத்திருக்கிறாள். ஊருக்கு ஒரு சாப்பாட்டு ராமன் இருப்பான், அவனைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

நீங்கள் கற்றுக்கொடுத்தபடி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில், படத்தின் இடது ஓரத்தில், ஒரு வாளி பளபளக்கிறது. கண் நேரே அங்கே போய்விடுகிறது. பிரிண்ட் போடும்போது இடது ஓரத்தை இரண்டு விரல் அகலம் வெட்டிவிடச் சொல்லுங்கள். படம் கச்சிதமாகிவிடும். வெட்டாமல் அனுப்பினால் நடுவர்கள் அதைக் காரணம் காட்டியே ஒதுக்குவார்கள். எனக்கு அவர்களைத் தெரியும்.

வீரபத்ர


குந்தாபுரம்
29-5-1995

ஹிரேமட ஸாருக்கு,

வெட்ட மாட்டேன்.

அந்த மனிதர் சாப்பாட்டு ராமன் இல்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா. அவர்தான் அனந்த ஹெப்பார். பக்கத்தில் இருப்பது பாயச வாளி. பரிமாற நாங்கள் ஆள் வைத்திருந்தோம், ஆனால் பாயசத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு அலைந்தார். "பெண்ணைக் கொடுக்கறேன், இனிப்பையாவது என் கையால கொடுக்கறேனே" என்றார். எல்லாரும் எழுந்த பிறகு வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். துடைப்பத்தோடு நிற்கும் குலாபி அவரை விரட்டவில்லை. "ஐயா சாப்பிடட்டும், யாரும் தரையில தண்ணி ஊத்தாதீங்க" என்று மற்றவர்களைத் தடுத்து நிறுத்தியவளே அவள்தான்.

வாளியை வெட்டினால் அவர் பெருந்தீனிக்காரர் ஆகிவிடுகிறார். உங்களுக்கே அப்படித்தானே தெரிந்தது? நீங்கள் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் ஸார். அவருடைய இடுப்பில் சால்வை கட்டியிருப்பதைப் பார்க்கவில்லை.

நடுவர்கள் ஒதுக்கினால் ஒதுக்கட்டும். கிரைண்டர் வாங்கிக்கொள்கிறேன். ஹெப்பாரிடமும் கேட்டுவிட்டேன். "நான் திங்கறதுல பார்க்க என்ன இருக்கு? அனுப்புங்க" என்று சிரித்தார். முழுப்படமாக இன்று தபாலில் போட்டுவிட்டேன்.

ஜலஜா


தார்வாடு
2-6-1995

ஜலஜக்கா,

கடிதம் கிடைத்ததும் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. எனக்கும் இரண்டு பெண்கள். கங்கவ்வாவிடம் காட்டினேன். படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னது தப்பு, நீங்கள் கேட்காதது சரி. மங்களூரில் என்ன நடந்தாலும் கேமராவை விற்கக் கூடாது. விற்றால் நானே வந்து உங்கள் மெஸ் வாசலில் உட்கார்ந்துவிடுவேன்.

வீரபத்ர


குந்தாபுரம்
26-6-1995

அன்புள்ள வீரபத்ர தம்பிக்கு,

கண்காட்சியில் படம் ஏறியது. ஏறியது மட்டுமல்ல, முதல் பரிசு. வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில், தனியாக, கீழே "ஜலஜா மய்யா, குந்தாபுரம்" என்று அச்சடித்து. ஒரு பொம்பளையின் பெயர் அந்தச் சுவரில் ஏறுவது இதுவே முதல் தடவை என்று அமைப்பாளர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டே நின்றேன்.

பல் டாக்டர் ஷெட்டி வந்து பார்த்துவிட்டு, "ஜலஜக்கா, அடுத்த மாசம் நம்ம சங்கத்துல எங்க படங்களுக்கு நீங்களே கருத்துச் சொல்லணும்" என்றார். "சொல்றேன். கட்டைவிரல்லேருந்து ஆரம்பிக்கலாமா?" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததில் அவரும் சேர்ந்துகொண்டார், நல்ல மனிதர்.

வீட்டுக்காரர் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மழைக்குக்கூடப் பூட்டாத மனிதர். படத்துக்கு முன்னால் நின்று யார் யாரையோ கூப்பிட்டு, "சமையல் எங்களோடது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "படமும் எங்களோடதுதான்" என்று நான் திருத்தினேன். கிரைண்டர் மேடை கட்டி முடிந்துவிட்டது. அதன் மேல் இப்போது என் ரோல் டப்பாக்களை அடுக்கியிருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு ஹெப்பார் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாங்கிப் பார்த்து, "தலை இவ்வளவு வழுக்கையாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மனைவியிடம் கொடுத்தார். கமலாக்ஷி ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் வெகுநேரம் பார்த்தாள். கூலிக்கு வைத்த போட்டோக்காரர் எடுத்த கல்யாண ஆல்பம் அந்த வீட்டில் தடிதடியாக இரண்டு இருக்கிறது. அதில் எல்லாம் இவர் வாசலில் கைகூப்பி நிற்கிறார், யாரையோ வரவேற்கிறார், கன்னிகாதானத்தில் தலை குனிந்திருக்கிறார்.

கமலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு கேக்க பயந்துகிட்டு இருந்தேன்."

உங்கள் அக்கா,
ஜலஜா