உயிர்ப்பு வாரத்து அடக்கம்

வாலேனி, ருமேனியா

கண்ணே,

குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு இதைப் படி.

போனில் நீ கேட்டபோதெல்லாம் “அப்பா தூங்குறாரு” என்றேன். மிலானில் பிரசவப் படுக்கையில் இருந்தவளிடம் வேறு என்ன சொல்வது?

ஈஸ்டரன்று பேரன் பிறந்த செய்தி கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். வியாழக்கிழமை காலை, என் கைக்குள் இருந்த அவர் கை மெல்லக் குளிர்ந்துவிட்டது.

சனிக்கிழமை அடக்கம். ஈஸ்டர் வாரத்தில் நம் சபையில் இரங்கல் பாட்டு கிடையாது, உயிர்ப்பின் பாட்டு மட்டும்தான். நான் பாதிரியார் இலாரியோனிடம் சண்டைக்கே போனேன்.

“என் புருஷனைப் புதைக்கப் போறேன் ஃபாதர். சந்தோஷப் பாட்டு என் வாயில எப்படி வரும்?”

“நீங்க பாட வேண்டாம்மா. நாங்க பாடுறோம், நீங்க நின்னா போதும்.”

பக்கத்து வீட்டு சவேத்தா எல்லாரையும் முந்திக்கொண்டு சுதி தப்பிப் பாடினாள். நாற்பது வருடம் பாடகர் குழுவை நடத்திய உன் அப்பா இருந்திருந்தால், “சவேத்தா, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்” என்றிருப்பார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு என் தொண்டையும் திறந்துகொண்டது. கடைசி வரை பாடினேன்.

யாரும் தாங்கிப் பிடிக்காமல் குழியருகே போய் முதல் பிடி மண் போட்டேன். “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று அவரிடம் உரக்கச் சொல்லிவிட்டு, பழக்கத்தில், ஈஸ்டர்தோறும் அவர் சொல்லும் பதிலுக்காகக் காத்து நின்றேன்.

“மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று கல்லறைத் தோட்டம் முழுவதும் எனக்குப் பதில் சொன்னது.

உன் அம்மா