நான் பாடாத ஹம்மிங்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும். தொண்டைக்கு அதிமதுரம்.
சனிக்கிழமை ரெக்கார்டிங்; பாட்டு போன வாரமே கைக்கு வந்துவிட்டது. மெட்டும் பல்லவியும் சேகர்; நடுவில் வரும் ஹம்மிங் முழுக்க நான். ஏழு வருடமாக இப்படித்தான். எத்தனை மணிக்கு என்று கேட்க இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
வெள்ளிமலை பஸ். அங்கே பள்ளியில் பாட்டு வகுப்பு எடுக்க. டிரைவர் போட்ட பாட்டு... சனிக்கிழமை நான் பாட வேண்டிய பாட்டு! என் குரலில்!
மேல் பஞ்சமத்தில் சின்னக் கரகரப்பு. அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அச்சு அசலாக அதே கரகரப்பு. மனுஷி அப்படிப் பாட மாட்டாள். புரிந்துவிட்டது: கம்ப்யூட்டர் கோத்த குரல்.
போன வருடம் சளியோடு பாடிக் கொடுத்தது. சேகர் எழுதும் ஸ்வரங்களைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். அதிலுள்ள குரல் பீப்பி மாதிரி இருக்கிறது என்று, ஒவ்வொரு ஸ்வரமாக, மெதுவாக, அழுத்தமாக, ‘ஆ’, ‘ஊ’ என்று என்னிடம் வாங்கிப் பதிந்தான். “எழுதனது எப்படி கீதுன்னு கேட்டுப் பாக்கத்தான், கீதா. பாட்டுன்னா நீதான் வந்து பாடணும்.”
பக்கத்து சீட் அம்மா: “இன்னா தங்கச்சி, மூஞ்சே வெளுத்துப் போச்சி? வாந்தி வருதா?”


ஜூலை 9, புதன்
வகுப்புக்கு லீவ். துருகம் ரோட்டில் அவன் ஸ்டுடியோ. சிரித்தான்.
“நீ அலைய வேணாம்னுதான். கேக்க நல்லாத்தான கீது?”
“நான் பாடவே இல்லியே, சேகர்.”
“அதத்தான் நானும் சொல்றன். நீ பாடல, கம்ப்யூட்டர் பாடுச்சி. அப்புறம் இன்னா கோவம்?”
என் குரல் பதிவை அழித்துவிடு என்றேன். தலையைச் சொறிந்தான். வேறு கச்சேரிக் குழுக்களுக்கும் கொடுத்துவிட்டானாம். “நல்ல குரல்னு கேட்டுக்கினே இருந்தாங்க.” அப்புறம், “டீ சொல்லட்டா?”
அந்த டீதான் தாங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்
வெயில். ரேஷனில் பருப்பு இல்லை.
அம்மா அந்தப் பாட்டைப் போனில் போட்டுக்கொண்டே கீரை ஆய்கிறாள். “எங்கிட்ட கூட சொல்லாம எப்போடி பாடின? சூப்பரா கீது.” ம் என்றேன்.
திருடியிருந்தால் திட்டலாம். நானே வாய் திறந்து கொடுத்தேன்.
குளிக்கும்போது அதே ஹம்மிங் பாடிப் பார்த்தேன். அதைப் பார்த்து நான் காப்பியடிப்பது போல. நிறுத்திவிட்டேன்.

ஜூலை 12, சனி
மேகமூட்டம். ரெக்கார்டிங் இல்லாத சனி.
சின்னசேலத்திலிருந்து போன். கல்யாணக் கச்சேரிக் குழுவாம். பாடக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.
“நீங்க வர வேணாங்க. சேகர் அண்ணன் குடுத்ததுல ஆ கீது, ஊ கீது. ஓ மட்டும் இல்ல. ஸ்வரம் ஸ்வரமா பாடி அனுப்புனா போதும்.”
போனிலேயே அந்த ஹம்மிங்கை முழுசாகப் பாடினேன். மூச்சு எடுத்து, நிதானமாக, கடைசி வரை.
கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.
“அப்படி இல்லீங்க,” என்றார். “ஓ மட்டும்.”