மூடிக்கு மேலே வைத்த பெட்டி

நவம்பர் 12
அநியாயம் செய்துவிட்டார்கள். காற்றில் எவ்வளவு புகைத்தூள் இருக்கிறது என்று அளக்கும் பெட்டியை எங்கள் தெருப் பள்ளிக்கூட மாடியிலிருந்து கழற்றி, குன்றின் உச்சியில் குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து செய்தித்தாளில் தினமும் ‘நகரக் காற்று: நன்று’. இன்று காலை என் மனைவி மூச்சுவிட முடியாமல் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாள். செய்தித்தாளைக் காட்டினேன்.
“நன்றுன்னு போட்டிருக்கா? அப்ப அந்தப் பேப்பரை மடிச்சு மூக்குல வச்சுக்கிறேன், குடுங்க” என்றாள்.

நவம்பர் 15
குளிர்காலம் முடியும்வரை இந்தப் பள்ளத்தில் இருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா வீடு. மார்ச்சில் காற்று திரும்பியதும் வருகிறேன் என்கிறாள். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்ததில்லை. என்னையும் கூப்பிட்டாள். மாட்டேன் என்றேன். நான் போய்விட்டால் இங்கே யார் கேட்பது?
“நீங்க சமைச்சு நீங்களே சாப்பிடப் போறீங்க. என்னைவிட உங்க உடம்பை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

நவம்பர் 16
தெருக்கோடி உருக்காலையில் என் மைத்துனன்தான் மேற்பார்வையாளன். விடியற்காலையிலேயே உலை மூட்டுகிறார்கள். பெட்டி ‘மோசம்’ என்று காட்டினால் காலை பத்துக்கு மேல்தான் மூட்ட வேண்டும், ‘நன்று’ என்றால் எப்போது வேண்டுமானாலும். பெட்டி மேலே போனதில் லாபம் யாருக்கு? நேரிலேயே கேட்டுவிட்டேன்.
“அத்தான், அந்தப் பெட்டி எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பொண்டாட்டின்னா எனக்கு அவ அக்கா” என்றான்.
நம்பவில்லை. அவன் முகம் சுண்டிப் போய்விட்டது.

நவம்பர் 17
அவள் பஸ் ஏறிவிட்டாள்.

நவம்பர் 20
இந்த நகரம் ஒரு வாணலி. மூன்று பக்கம் மலை. மழைக்காலத்தில் மழை புகையைக் கழுவிவிடும். கோடையில் ஆறு வெளியேறும் இடைவெளி வழியாகக் காற்று புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குளிர்காலத்தில் காற்று அசையாது. ராத்திரி குளிர்ந்த காற்று மலைச்சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதன் மேல் சற்றுச் சூடான காற்று மூடி போட்டாற்போல் உட்காரும். பத்து மணி வெயில் தரையைச் சுட்டபிறகுதான் மூடி திறக்கும். அதுவரை உலை கக்குவது முழுக்க எங்கள் நெஞ்சுக்குள்.
நூலகத்தில் படித்ததுதான். ஆனாலும் பஸ் பணிமனையில் முப்பது வருடம் புகையைப் பார்த்தவன் நான். உலைப் புகை நேராக எழும்பி, பாதிக் குன்று உயரத்தில் முட்டிக்கொண்டு தட்டையாகப் படர்கிறது. பெட்டி அதற்கு மேலே இருக்கிறது!

நவம்பர் 27
ஏழு நாளாகக் காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு வெப்பமானி, உடனே ஏறிப்போய்த் தொட்டியடியில் இன்னொன்று. ஏழு நாளும் மேலேதான் சூடு அதிகம். இன்று ஆறு டிகிரி வித்தியாசம். முழங்கால் போச்சு. போகட்டும்.

டிசம்பர் 1
காற்று அளவை அலுவலகம். அதிகாரி ஒரு பெண், என் மகள் வயது இருக்கும்.
“மேல போகப்போகக் குளிரணும், ஐயா. நீங்க மாத்தி எழுதிட்டீங்களோ?”
“ஒரு நாள் மாத்தி எழுதலாம்மா. ஏழு நாளுமா? விடிகாலைல வந்து பாருங்க. மதியம் வந்து பாத்துட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க.”
கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ? இல்லை.

டிசம்பர் 4
வந்துவிட்டார்! கைக்கருவியோடு, ஆறு மணிக்கு. எங்கள் தெருவில் புகைத்தூள் அளவு 212, அறுபதைத் தாண்டினாலே மோசமாம். தொட்டியடியில் 31. கீழே பார்த்தால் ஊரே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு ஏரி.
“ஐயா, உங்க மூடி கண்ணுக்கே தெரியுதே” என்றார்.
பெட்டியை ஏன் மாற்றினீர்கள் என்று அதைப் பராமரிக்கும், கூட வந்திருந்த மெக்கானிக்கைக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.
“கீழ வச்சா காத்தை வடிகட்டுற தாள் ஒரே நாள்ல கறுத்துடுது மேடம். மெஷின்ல கோளாறுன்னு நினைச்சு, தாள் வெள்ளையா இருக்கிற இடமாப் பாத்து வச்சேன்.”
கையூட்டு வாங்கியிருந்தால் வாயாரத் திட்டியிருப்பேன். தாள் கறுக்கிறதாம்! கறுப்பதற்குத்தானேடா தாள்? அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து.

டிசம்பர் 5
மைத்துனனிடம் போனேன். “உன் மேல தப்பில்ல” என்றேன். “இதைச் சொல்ல இவ்வளவு தூரம் நடந்தீங்களா? உக்காருங்க அத்தான்” என்றான். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

டிசம்பர் 19
பெட்டி பள்ளிக்கூட மாடிக்கு வந்து பத்து நாள். முதல் நாளே ‘மோசம்’. பார்த்ததும் என்ன ஒரு நிம்மதி! மறுநாளிலிருந்து உலை பத்து மணிக்குத்தான். இன்று காலை ஆறு மணிக்கு 58. டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு, வரச் சொல்லுங்கள் என்றார். விட்டுவிடக் கூடாது, எழுதிவைக்கிறேன்.
மெக்கானிக்: தாளைத் தினமும் மாற்ற வேண்டும். கறுத்தாலும், கறுத்தால் முக்கியமாக.
அதிகாரி: நாள் முழுவதற்குமான சராசரியோடு, காலை ஆறு மணிக் கணக்கையும் செய்தித்தாளுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.
மைத்துனன்: பிப்ரவரி முடியும்வரை பத்துக்கு முன்னால் தீக்குச்சியைத் தொடக் கூடாது. முதலாளி சொன்னாலும்.
நான்: சமையலறையை அவள் பார்க்கும்படி ஆக்க வேண்டும். நாளை பதினொன்றரை பஸ்ஸில் வருகிறாள். பத்துக்கே போய் நிற்க வேண்டும்.