பாத்ரூம் சிலிக்கானும் பாப்பாவின் மீன்களும்

மார்ச் ஒன்பது, காலை, கூடத்து மீன்தொட்டி: மீன்கள் எல்லாம் செத்து மிதக்கின்றன.

தொட்டி ஒழுகவில்லை. அந்தப் பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். விரிசலை அடைக்க நீங்கள் பூசிய சிலிக்கான் பசையின் டியூபைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் படித்தேன். ‘பூஞ்சை பிடிக்காது’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து தண்ணீரில் இறங்கினால் மீனை மட்டும் விட்டுவைக்குமா?

மீன்கடைக்காரர் அன்றைக்கே தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்: “அண்ணே, மருந்து கலக்காத வெறும் சிலிக்கான் வாங்குங்க. மீன்தொட்டிக்குன்னே போட்டிருக்கும்.”

“ஊர்ப்பட்ட பாத்ரூமுக்குப் பூசுறவன் நான். எனக்கே பாடமா?” என்றீர்கள். வாயைத் திறந்த என்னிடம், “நீ சும்மா இரு.” இருந்தேன்.

நான் வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. மாற்றுச் சாவி கீழ்வீட்டு அக்காவிடம்.

பாப்பா இன்னும் தூங்குகிறாள். தொட்டியைத் துணியால் மூடியிருக்கிறேன். மீனுக்கு வயசாகிவிட்டது, காய்ச்சல் வந்துவிட்டது என்று கதை அளக்காதீர்கள். பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழியில், “அப்பாதான் கொன்னுட்டேன்” என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நானே சொல்லி உங்களைத் தப்பிக்க விடமாட்டேன்.

பி.கு.: நான் செருப்பு மாட்டும்போதே பாப்பா எழுந்து வந்து துணியை விலக்கிவிட்டாள். “யாரும்மா இப்படிப் பண்ணது?” என்றாள். சொல்லிவிட்டேன். அழவில்லை. நீங்கள் குறட்டை விடுவதைக் கொஞ்சநேரம் அறை வாசலில் நின்று பார்த்தாள். எழுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். பள்ளிக்கு என்னோடு வருகிறாள்.